குழாய் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன்

அன்பு மகன் தயாளனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மேல்படிப்பில் முதல் மூன்று மாதம் வயிற்று ஸ்கேன் பிரிவில் போட்டிருக்கிறார்கள், சீனியர் டாக்டர் படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு இது எந்த ரத்தக் குழாய் என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிச் சிரித்தாய். "நீ மட்டும் எப்படிம்மா பாத்தவுடனே சொல்ற? டாக்டருக்குப் படிச்சது நானா, நீயா?" என்று கேட்டாய். பதினைந்து வருஷமாக ஸ்கேன் மிஷின் பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியனுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா என்று நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் நீ அதைச் சொன்னாய். "நைனாவோட பிலிமெல்லாம் பீரோவுல தானே கீது? பொங்கலுக்கு வரும்போது எடுத்துனு போறேன். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப பாத்தா புரியும்."

ஆமாம், இப்போது பார்த்தால் உனக்குப் புரிந்துவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ உன் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் நான் என் வாயால் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்லலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்ததும் குழம்புக்கு என்ன காய் வாங்கட்டும் என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். பத்து வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதை முடித்துவிடுகிறேன். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்தக் குழாய்க்கும் பெயர் சொல்லாதே. வயிற்றைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டுகிற படத்தில் ரத்தக் குழாயும் வட்டப் புள்ளிதான், நெறிகட்டியும் வட்டப் புள்ளிதான். மேலே நாலு படம், கீழே நாலு படம் தள்ளிப் பார். குழாய் தொடர்ந்து வரும். கட்டி இரண்டு மூன்று படத்தில் காணாமல் போகும். முதுகெலும்பிலிருந்து தொடங்கு. அதற்கு முன்னால், நோயாளியின் இடது பக்கமாக உருண்டையாக நிற்பது மகாதமனி. படத்தில் அது உன் வலது கைப்பக்கம் இருக்கும். முதல் மாதம் நானே இதில் தடுமாறியிருக்கிறேன். இன்னொரு பக்கம் பெருஞ்சிரை. தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவர்களுக்கு அது சப்பையாகக் கிடக்கும். மகாதமனியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கு. முதலில் ஒரு கிளை முன்பக்கம் புறப்பட்டு, பறவை சிறகை விரித்தாற்போல் இரண்டு பக்கமும் பிரியும். ஒன்று ஈரலுக்குப் போகும், ஒன்று மண்ணீரலுக்கு. இன்னும் ஒரு விரல் அகலம் இறங்கினால் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி புறப்படும். நீங்கள் எஸ்.எம்.ஏ. என்பீர்கள். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அது மகாதமனிக்கு முன்னால் வெள்ளையாக, தனிப் புள்ளியாகத் தெரியும். அதைச் சுற்றிக் கொழுப்பு இருக்கும். கொழுப்பு படத்தில் கறுப்பு. வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். அதற்கு முன்னால் கணையம் குறுக்கே படுத்திருக்கும். கணையத்தில் கட்டி என்று யாராவது வந்தால் அந்த வளையத்தைத்தான் தேட வேண்டும். வளையம் முழுசாக இருந்தால் கட்டியை எடுக்க வழி இருக்கிறது. கறுப்பு இருக்க வேண்டிய இடம் சாம்பலாகி, குழாயைச் சுற்றிக் கட்டி வளைத்துப் பிடித்துவிட்டது என்றால், கத்தி வைத்துப் பயன் இல்லை.

இதைப் போனில் உனக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வளையம் வரைக்கும் வந்து நிறுத்திவிட்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

உன் நைனா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை மாட்டு வண்டியில் வைத்துக்கூடக் கொண்டுவருவார்கள். காலையில் ஏழரை மணி பஸ்ஸில் நான் காஞ்சிபுரம் ஸ்கேன் சென்டருக்குக் கிளம்பிவிட்டால் உனக்கு நாஷ்டா கொடுத்து, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பார். அந்தத் தெருவில் வேறு எந்த ஆணும் அதைச் செய்யவில்லை. யாராவது கிண்டல் செய்தால், "எங்க வூட்ல மிசின்ல ஆளைத் தள்ளி உள்ள இன்னா கீதுனு பாத்துடுவாங்க. நானு மோட்டார கயட்டுனாதான் பாக்க முடியும். யாரு பெரிய ஆளுனு நீயே சொல்லு" என்பார். நான் வெறும் டெக்னீஷியன், படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது, பார்த்துச் சொல்வது டாக்டர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு ஏறாது. ஊரில் எல்லோரும் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்ததற்கு அவர்தான் காரணம். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ பத்தாவது படித்த வருஷம், ஆயுத பூஜைக்கு முன்னாலேயே அவருக்கு முதுகு வலி ஆரம்பித்துவிட்டது. மோட்டார் தூக்குகிற ஆளுக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்று நான் தைலம் தேய்த்துவிட்டேன். ஸ்டூலில் முன்னால் குனிந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்காருவார். "இப்டி குந்துனா கொஞ்சம் தேவலாம்" என்பார். உடம்பு இளைத்தது. பெல்ட்டில் தானே கம்பியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டுக்கொண்டார். லேபில் சொல்லி ரத்தம் பார்த்தேன், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. அதுதான் இளைக்கிறது என்று காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். திடீரென்று வந்த சர்க்கரை, இளைப்பு, குனிந்தால் குறைகிற வலி. இந்த மூன்றும் ஒருவருக்குச் சேர்ந்து வந்தால் கணையத்தைப் பார் என்று உனக்கு இப்போது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் தெரியும். எத்தனையோ பேருடைய சீட்டில் டாக்டர் எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் என் எதிரில் குனிந்து உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அது எனக்குத் தோன்றவில்லை. நாலு மாதம் போனது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் குறைவாக இருந்தபோது, சென்டருக்கு வருகிற ஸ்கேன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு உன் நைனாவை வரச் சொன்னேன். அப்போது இருந்தது பழைய மிஷின். இப்போதுபோல ஒரே மூச்சில் வயிறு முழுக்க எடுத்துவிடாது. ஒரு வெட்டுக்கு ஒரு மூச்சு. படம் திரையில் வந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும், அப்புறம் மேஜை ஒரு சென்டிமீட்டர் நகரும், அடுத்த மூச்சு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்கில் சொல்ல வேண்டும். "மூச்ச இழுங்க. புடிங்க. வுடுங்க." அவர் முதலில் சிரித்துவிட்டார். "இன்னாமே, வூட்ல அதட்டுறது பத்தலியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்புறம் ஒழுங்காகப் பிடித்தார். நான் சொன்னபோதெல்லாம் இழுத்துப் பிடித்து, விடச் சொன்னபோது விட்டார்.

ஈரல் நன்றாக இருந்தது. மண்ணீரல் நன்றாக இருந்தது. சிறகு பிரிகிற இடம் வந்தது, அதில் ஒரு சிறகு மெலிந்திருந்தது. அடுத்த படத்தில் கணையத்தின் நடுவில் கட்டி. அதற்கும் அடுத்த படத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தது, வளையம் இல்லை. சுற்றிலும் சாம்பல். ஒரு படத்தை வைத்து முடிவு பண்ணாதே என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அன்றைக்கு நான் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த மூச்சு. சாம்பல். அடுத்த மூச்சு. சாம்பல். நாலு படம் தொடர்ந்து அப்படியே வந்தது. மைக்கில் என் குரல் மாறக் கூடாது, மாறினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். "மூச்ச இழுங்க. புடிங்க. வுடுங்க." கடைசிப் படம் வரைக்கும் மாறாமல் சொல்லி முடித்தேன். அதில் எனக்கு அப்போது ஒரு திருப்திகூட இருந்தது.

ஸ்கேன் டாக்டர் பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அந்தச் சாம்பல் படங்களின் மேல் விரலை ஓட்டினார். "உனக்குத் தெரியாததாம்மா?" என்றார். "வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்ல வச்சுப் பாத்துக்கோ. சில மாசம் இருப்பார். பையன் கூட இருக்கட்டும்." ரிப்போர்ட்டில் எஸ்.எம்.ஏ. வளைக்கப்பட்டிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு உகந்ததல்ல என்று எழுதினார். அதை நான்தான் கவரில் போட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் உன் நைனா கேட்டார். பேச்சில் விளையாட்டு இல்லை. "உள்ள இன்னா கீது, சொல்லு."

"ஒரு கட்டி கீது" என்றேன்.

"எடுத்துட முடியுமா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, கடையில் வாடிக்கையாளரிடம் கணக்காகப் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னார். "இங்க பாரு. எடுத்துட முடியும்னா சொல்லு, எங்க இட்டுனு போனாலும் வரேன். முடியாதுனா வுட்டுடு. வயித்த கீசிக்கினு ஆஸ்பத்திரில கெடக்க எனுக்கு இஷ்டம் இல்ல. காவாந்தண்டலத்துல தம்பி வூட்டாண்ட கெணத்து மேட்டுல கட்லு போட்டுக்கினு படுத்துக்குவேன். பையன் பரிச்ச முடிச்சுட்டு வந்து கூட இருக்கட்டும். நீ பாத்தவ. நீ இன்னா சொல்றியோ அதான்."

"எடுத்துடலாம்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று பத்து வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால் வாலாஜாபாத்திலிருந்து ஒரு அரிசி மில் மேஸ்திரி வந்தார். குழாயைக் கட்டி பிடித்துவிட்டது என்று ரிப்போர்ட் போனது, சென்னையில் திறந்து பார்த்தால் வெறும் வீக்கம், கட்டியை எடுத்துவிட்டார்கள், அவர் நடந்து வந்து எங்களுக்கு இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார். ஆயிரம் பேரில் அப்படி ஒருத்தர். அவர் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நாலு மாதம் தைலம் தேய்த்தவள் நான். நான் கவனிக்காமல் விட்டது வெளியே தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அவர் பிழைத்தாக வேண்டும்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்று அறுவை சிகிச்சையில் பேர்போன சர்ஜன் ஒருவர் இருந்தார். எங்கள் சென்டரிலிருந்து அவரிடம் நோயாளிகள் போவார்கள் என்பதால் என்னைத் தெரியும். கிளம்புவதற்கு முன் நான் கவரைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்தேன். பிலிம் நாலு ஷீட். அந்தச் சாம்பல் படங்கள் இருந்த மூன்றாவது ஷீட்டையும் எடுத்து, இரண்டையும் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். நீ பிலிமை வரிசையாக அடுக்கினால் படத்தின் மூலையில் இருக்கிற எண் நடுவில் தாவும். நீ அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டாய்.

சர்ஜனும் கவனித்தார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர் கையை நிறுத்தினார். "நடுவுல ஒரு ஷீட் இல்லையேம்மா?"

"பிரிண்ட்ல கெட்டுப்போச்சு சார். மிஷின்லயும் அழிஞ்சுடுச்சு. ரிப்போர்ட் இன்னும் வரல" என்றேன்.

"முக்கியமான எடமாச்சே. இங்க இன்னொரு தடவ எடுத்துடலாமா?"

"நாள் தள்ளிப்போகுமே சார். அவருக்கு வலி தாங்கல."

உன் நைனா பக்கத்து நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சர்ஜன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதானே எடுத்த? ஸ்க்ரீன்ல பாத்திருப்ப. எஸ்.எம்.ஏ. எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு சார். சுத்தி கொழுப்பு நல்லாத் தெரிஞ்சுது."

தயாளா, ஒரு டாக்டர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நீ அப்போது அத்தை வீட்டில் இருந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பத்து நாளில் வந்துவிடுவோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம். அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கதவு திறந்தது. அவ்வளவு சீக்கிரம் திறந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சர்ஜன் என்னைத் தனியாக ஓரமாக அழைத்தார். "கட்டி குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. ஒண்ணும் பண்ண முடியல, மூடிட்டேன். நேத்து இன்னைக்கு வந்தது இல்லம்மா இது. நீ பாத்தேன்னு சொன்னியே?" நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையிலிருந்து குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் உன் சித்தப்பா வந்துவிட்டார். காவாந்தண்டலத்திலிருந்து விதைப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். எடுக்கவில்லை, மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் கத்தத் தொடங்கினார். "ஸ்கேன் எடுத்துக் குடுத்தோமில்ல? அதப் பாக்காமயா வயித்த கீசின? உனுக்குக் கண்ணு கீதா இல்லியா? எங்க அண்ணன் இன்னா ஆடா மாடா?" வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்ஜன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் பேசுவதற்கு அவர் இடம் கொடுத்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். "ஸ்கேன்ல அந்த எடம் தெளிவா இல்ல. திறந்து பாக்கலாம்னு முடிவு பண்ணது நான்தான்" என்று அவர் சொன்னார். சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்தார். ஆட்கள் வந்து விலக்கினார்கள். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

உன் நைனா கண் விழித்ததும் கேட்டார். "இன்னாமே, எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

கட்டுக்கு மேலே கையை வைத்துக்கொண்டார். "அப்ப இன்னாத்துக்கு அதே எடத்துல நோவுது?"

"அது தையல் நோவு" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. தையல் கூடவில்லை, சீழ் பிடித்தது, காய்ச்சல் விடவில்லை. வீட்டுக்கு இட்டுக்கொண்டு போ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள், "பையன ஒரு தபா இட்டுனு வா, பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் உனக்குக் கணக்குப் பரீட்சை. முடியட்டும், முடிந்ததும் வருவான் என்றேன். அடுத்த வாரம் நீ அறிவியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலையில் போய்விட்டார். நீ பரீட்சை ஹாலிலிருந்து வெளியே வந்தபோது சித்தப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பின்னால் பஸ் ஏறினாய் என்று பிறகு சொன்னார்.

கிணற்று மேட்டில் கட்டில் போட்டுப் படுத்திருக்க வேண்டிய மாதங்கள் அவை. வலிக்கும், இளைப்பார், கடைசியில் போயிருப்பார்தான். ஆனால் நீ பரீட்சை முடித்துப் போய்க் கூட உட்கார்ந்திருப்பாய். உங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமான நாட்களை நான் எடுத்துக்கொண்டேன். உன்னிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு பொய்க்காக மட்டும் இல்லை, இதற்காகத்தான் முக்கியமாக.

அதற்கப்புறம் அந்த சர்ஜன் பெயர் நம் வீட்டில் ஒரு வசவாக ஆனது. சித்தப்பா சொல்லச் சொல்ல நீ கேட்டு வளர்ந்தாய். மேல்படிப்புக்கு எல்லோரும் சர்ஜரி எடு, மெடிசின் எடு என்றபோது நீ ஸ்கேன் படிப்பை எடுத்தாய். "படத்தப் பாக்கத் தெரியாதவன் கையில மாட்டித்தாம்மா நைனா செத்தாரு. நான் பாக்கத் தெரிஞ்சவனா ஆவறேன்" என்று சொன்னாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். என் பொய்யின் மேல் நீ ஒரு வாழ்க்கையைக் கட்டுகிறாய் என்று தெரிந்தும் உன் தலையில் கை வைத்து நல்லாயிரு என்று சொன்னேன்.

நீ அந்தப் படிப்புக்காக மதுரைக்குக் கிளம்பிப் போன மறுவாரம் அந்த சர்ஜனைத் தேடிப்போனேன். ஓய்வு பெற்று, தாம்பரம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். நான் யார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "ஞாபகம் இருக்கும்மா" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஷீட்டை ஒளித்து வைத்ததையும் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. "அந்தக் கேள்விய நான் உன்கிட்ட கேட்டிருக்கக் கூடாது. டெக்னீஷியன்கிட்ட கேக்கறதா நெனச்சுட்டேன். எதிர்ல உக்காந்திருந்தது பொண்டாட்டி. திரும்ப ஸ்கேன் எடுத்திருக்கணும், எடுக்கல. அது என் தப்பு" என்றார். பிறகு, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். சொன்னேன். "அவனுக்கு என் பேர் தெரியுமா?" என்றார். தெரியும் சார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நீ இனிமேல் ஆயிரக்கணக்கான வயிறுகளைப் பார்ப்பாய். குழாய்களின் பெயர் மூன்று மாதத்தில் உனக்குப் பழகிவிடும், அதைப்பற்றிக் கவலைப்படாதே. நம் வீட்டு ஆளுடைய படத்தை மட்டும் நீயே பார்த்து முடிவு சொல்லாதே, இன்னொருவரைப் பார்க்கச் சொல். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நோயாளி உன்னைக் கேட்டால், அவர் அதை வைத்துக்கொண்டு எங்கே படுத்துக்கொள்வது, யாரைக் கூப்பிட்டு அனுப்புவது, எதை முடித்துவிட்டுப் போவது என்று ஒரு முடிவெடுக்கக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள். உன் நைனா பஸ்ஸில் என்னிடம் அந்த முடிவைத் தெளிவாகவே சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது என்னிடமிருந்து ஒரு வார்த்தை. தைரியம் சொல்கிறேன் என்று நினைத்து அந்த வார்த்தையை மாற்றிக் கொடுத்தேன்.

உனக்கு எழுத உட்காருவதற்கு முன், இன்று காலையில் காவாந்தண்டலம் போய் உன் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். மண்வெட்டியை நட்டுவிட்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வயிற்றுக் கட்டுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை வந்து நின்றது. "எனக்குத் தெரியல" என்றேன்.

அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அடுத்த பாத்திக்கு வழிந்து ஓடியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "ஒண்ணும் பண்ணாத மனுசன் சட்டையப் புடிச்சனே. அந்தாளு வூடு தெரியுமா உங்களுக்கு? என்னை இட்டுனு போங்க" என்றார். வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று எப்போதும் சொல்வார், அதைச் சொல்லவில்லை.

வருகிற வியாழக்கிழமை அவரும் நானும் தாம்பரம் போகிறோம். பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காருவாரா என்று தெரியவில்லை. உன்னையும் வா என்று கூப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. நீ பொங்கலுக்கு வராமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். கோபம் எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாள் இருக்கட்டும். அதை உன் வேலையில் மட்டும் காட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா